உறுதியற்ற வீடுகள்: நட்டஈடு யாருக்கு உரியது?

தமிழில் ‘உறுதி’ என்னும் சொல் இருபொருள் தருவது. வலிமை, நிலைபேறு என்பது ஒன்று; காணிக்குரிய சட்டப் பத்திரம் என்பது இலங்கைத் தமிழரின் அன்றாட வழக்கில் உள்ள மற்றொன்று. ஊவா மலைநாட்டு வீடுகளைப்பற்றிப் பேசப்புகும் எவரும் இவ்விரு பொருளையும் ஒருங்கே மனங்கொள்ளல் வேண்டும். ஏனெனில் இங்கு சுவர் உறுதியிழந்து வெடிக்கும்போது, கையில் உறுதி இருக்கிறதா என்பதே முதற்கேள்வியாக எழுகின்றது. உறுதி உள்ளவர் நட்டஈட்டுக்காக ஆண்டுக்கணக்கில் அலைகிறார். உறுதி இல்லாதவரோ அவ்வாறு அலைவதற்குரிய தகுதியைக்கூடப் பெறுவதில்லை. இம்முறைமை நீதிக்கு முரணானது என்பதும், சேதத்தைத் தாங்கியவர் எவரோ அவருக்கே நட்டஈடு உரியது என்பதும் இக்கட்டுரையின் வாதமாகும்.

1

பண்டாரவளையில் நிகழ்ந்ததை முதலில் நினைவுகூர்வோம். உமா ஓயாவின் நீரை மறித்து, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிரிந்தி ஓயாப் படுகைக்குத் திருப்பி, மொனராகலை, அம்பாந்தோட்டை மாவட்டங்களின் வறண்ட நிலங்களுக்கு வழங்குவதும், இடையில் 120 மெகாவாற் மின்சாரம் பெறுவதும் உமா ஓயாப் பல்நோக்கு அபிவிருத்தித் திட்டத்தின் நோக்கங்கள். 2008ஆம் ஆண்டில், ஈரானிய ஜனாதிபதி அஹ்மதிநெஜாத் இலங்கைக்கு வந்திருந்தபோது அடிக்கல் நாட்டப்பட்டது. ஈரானின் ஃபராப் நிறுவனம் ஒப்பந்தகாரராயிற்று. புகுல்பொல, டயரபா என்னும் இரு இடங்களில் அணைகளும், ரந்தெனியவில் நிலத்தடி மின்நிலையமும் அமைந்தன. டயரபாவிலிருந்து மின்நிலையத்தை நோக்கிச் செல்லும் சுரங்கம் 15 கிலோமீற்றருக்கு மேல் நீளமானது. அது பண்டாரவளையை அண்டிய குன்றுகளின் அடியாற் செல்கின்றது.

2014 டிசெம்பர் இறுதியில், சுரங்கம் குடையப்பட்டுக்கொண்டிருந்த வேளையில், பாறைப் பிளவுகளினூடாக நிலத்தடி நீர் பெருமளவில் உட்புகுந்தது. அதனைத் தொடர்ந்து மகுல்எல்ல, ஹீல்ஓய முதலான கிராமங்களிற் கிணறுகள் வற்றின, ஊற்றுகள் நின்றன, வீட்டுச் சுவர்களும் நிலங்களும் வெடித்தன. 2017இல் மீண்டும் பெருங்கசிவு ஏற்பட்டது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் ஆயிரக்கணக்கான மக்கள் பண்டாரவளை நகரில் திரண்டு, திட்டத்தை நிறுத்துமாறு குரலெழுப்பினர். அமைச்சரவை உபகுழு அமைக்கப்பட்டது, நோர்வே நாட்டு நிபுணரின் ஆலோசனை பெறப்பட்டது, வீடுகள் கணக்கெடுக்கப்பட்டன, நட்டஈடு வாக்களிக்கப்பட்டுப் பகுதிபகுதியாக வழங்கப்பட்டது. வேலையோ தொடர்ந்தது. 2024 ஏப்ரில் 24ஆம் திகதி ஈரானிய ஜனாதிபதி இப்ராஹிம் ரைசியும் இலங்கை ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்கவும் திட்டத்தைத் திறந்துவைத்தனர். அடிக்கல்லுக்கும் திறப்புவிழாவுக்கும் இடையே பதினாறு ஆண்டுகள் சென்றன. முதற் கசிவுக்கும் திறப்புவிழாவுக்கும் இடையே மட்டும் ஒன்பது ஆண்டுகளுக்கு மேல்.

திட்டம் வேண்டாதது என்று வாதிடுவது எமது நோக்கமன்று. மொனராகலைக் கமக்காரனுக்கும் நீர் வேண்டும். ஆனால் அவனுக்குக் கிடைக்கும் நீரின் விலையை ஹீல்ஓயக் கிராமத்தான் தன் கிணற்றினாலும் சுவரினாலும் கட்டவேண்டும் என்பது எந்த நியாயம்? பொதுநன்மைக்காக ஏற்படும் நட்டத்தைப் பொதுமக்கள் அனைவரும் பகிர்ந்து சுமக்க வேண்டும். அப்பகிர்வுக்கே நட்டஈடு என்று பெயர். இதனைக் கருணைத்தொகைபோல வழங்குவதும், பெறுபவன் நன்றிக்கடன் பட்டவனாக நிற்பதும் பொருளையே தலைகீழாக்குவதாகும்.

2

இவ்விடத்தில் ஒரு வாதம் எழுவதுண்டு. “அப்பகுதி வீடுகள் மட்டமான பொருள்களாற் கட்டப்பட்டவை, அத்திவாரம் ஆழமற்றது, சாந்திலே சீமெந்து குறைவு, மணல் மிகுதி, மலைச்சரிவிற் கட்டிய வீடு வெடிக்கத்தானே செய்யும், சுரங்கத்தை ஏன் குறைகூற வேண்டும்?” என்பது அவ்வாதம். கேட்பதற்கு அறிவியல்போலத் தோன்றும் இக்கூற்றைச் சற்று ஆராய்ந்து பார்த்தல் அவசியம்.

மத்திய மலைநாட்டின் பாறைகள் பெரும்பாலும் உருமாறிய பாறைகள். அவற்றிற் பிளவுகளும் முறிவுகளும் உண்டு. பாறையின்மேல் உக்கிய மண்படை கிடக்கின்றது. மழைநீர் இம்மண்ணிலும் பிளவுகளிலும் தங்கி, கிணறாகவும் ஊற்றாகவும் பீலியாகவும் வெளிவருகின்றது. அடியிற் சுரங்கம் குடையப்படும்போது, உரியவாறு பிளவுகள் முன்கூட்டியே அடைக்கப்படாவிடின், சுரங்கமே ஒரு பெருவடிகாலாகிவிடும். நீர்மட்டம் தாழும். மண்மணிகளுக்கிடையே நின்று சுமையின் ஒரு பங்கைத் தாங்கிய நீர் அகன்றதும் அம்மணிகள் நெருங்கி அமுங்கும். மண்படை எங்கும் ஒரே தடிப்பாக இராமையால் நிலம் ஓரிடத்தில் அதிகமாகவும் மற்றோரிடத்திற் குறைவாகவும் இறங்கும். அவ்வேற்றத்தாழ்வைச் சுவர் தாங்கமாட்டாது; யன்னல் மூலையிலிருந்து சாய்வாக வெடிக்கும். எத்துணைச் சிறந்த சீமெந்தாற் கட்டிய வீடாயினும் இதற்கு விலக்கன்று. வீட்டின் முதலாவது கட்டடப் பொருள் அது நிற்கும் நிலமாகும். அந்நிலத்தைக் குறையுள்ளதாக்கியவர் மேலிருக்கும் செங்கல்லின் தரத்தை விசாரிப்பது விந்தையானது.

மேலும், இவ்வீடுகள் பல்லாண்டு மழையையும் வரட்சியையும் கண்டு நின்றவை. அவற்றுட் பல கிணறு வற்றிய அதே காலத்தில் வெடித்தன. நலிந்த உடலுள்ளவனை ஒருவன் தாக்கினால், “இவன் பலசாலியாக இருந்திருந்தால் இத்துணைக் காயம் ஏற்பட்டிராது” என்று சொல்லித் தப்பமுடியாது. தீங்கிழைப்பவன் தீங்குக்குள்ளாவோனை உள்ளபடியே ஏற்கவேண்டும் என்பது சட்டம் பயில்வோர் அறிந்த நெறி. வறியவனின் வீடு நலிந்தது என்பதால் அவனது நட்டமும் மலிந்ததாகிவிடாது.

சரி, பொருளே உண்மையிற் குறைபாடுடையது என்று வைத்துக்கொள்வோம். அப்போதாவது அரசு கைகழுவிவிடலாமா? அயர்லாந்தின் அனுபவம் வேறுவிதமாகப் பேசுகின்றது. டொனகல், மேயோ முதலிய பகுதிகளில் மைக்கா, பிரோட்டைற்று ஆகிய கனியங்கள் கலந்த கொங்கிறீற்றுக் கற்களாற் கட்டப்பட்ட ஆயிரக்கணக்கான வீடுகள் நாளடைவில் வெடித்துப் பொடியத் தொடங்கின. கல்லை உற்பத்தி செய்தது தனியார், வாங்கியவர் வீட்டுக்காரர், சுரங்கம் எதனையும் அரசு தோண்டவில்லை. ஆயினும் தரக்கட்டுப்பாட்டிலே தவறியது அரசு என்று மக்கள் வாதிட்டனர். 2020இல் அரசாங்கம் செலவின் 90 சதவீதத்தை, உச்சவரம்புக்கு உட்பட்டு, ஏற்கும் திட்டமொன்றைத் தொடக்கியது. மக்கள் அதனோடு அமையவில்லை. 2021இல் அவர்கள் டப்ளின் நகர வீதிகளில் இறங்கி முழு நிவாரணம் கோரினர். 2022ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு வீட்டுக்கு 420,000 யூரோ என்ற உச்சவரம்போடு உதவியை விரிவாக்கியது. முதற்றிட்டத்திற் கல்லைப் பரிசோதிக்கும் பெருஞ்செலவை முதலில் வீட்டுக்காரரே சுமக்கவேண்டியிருந்தது. புதிய சட்டத்தின்கீழ் அப்பரிசோதனை அரச வீடமைப்பு முகவரகத்தின் பொறுப்பாயிற்று. பிறர் செய்த கல்லுக்கே ஓர் அரசு பொறுப்பேற்க முடியுமானால், தானே தோண்டுவித்த சுரங்கத்துக்கு மற்றோர் அரசு பொறுப்பேற்பதில் என்ன தயக்கம்?

3

அடுத்த பிரச்சினை நிரூபணம். “உமது சுவர் சுரங்கத்தினாலேயே வெடித்தது என்பதற்கு என்ன சான்று?” என்று கிராமத்தவரைக் கேட்பது எளிது. அவர் எங்ஙனம் விடையளிப்பார்? சுரங்கத்துட் புகும் நீரின் அளவு திட்டத்தாரிடம் இருக்கிறது. பாறையின் வரைபடம் அவர்களிடம் இருக்கிறது. துளைக்கிணற்று அளவீடுகள், பொறியியலாளரின் நாட்குறிப்புகள் யாவும் அவர்களிடமே. கிராமத்தவரிடம் இருப்பது வற்றிய கிணறும் வெடித்த சுவரும் மாத்திரமே. சான்றுகள் அனைத்தையும் ஒரு தரப்பிடம் வைத்துக்கொண்டு, நிரூபிக்கும் பாரத்தை மறுதரப்பின்மீது சுமத்துவது விசாரணையாகாது.

இச்சிந்தனைக்கு நீண்ட வரலாறு உண்டு. 1843இல் இங்கிலாந்தில் அக்டன் எதிர் பிளண்டெல் என்ற வழக்கு நிகழ்ந்தது. நிலக்கரிச் சுரங்கம் தோண்டியதால் தன் பஞ்சாலைக்குரிய கிணறு வற்றியது என்று ஒருவர் முறையிட்டார். அவருக்கு நிவாரணம் கிட்டவில்லை. நிலத்தடியில் நீர் செல்லும் வழி எவரும் அறியாதது. ஆகவே தன் நிலத்தைத் தோண்டுபவன் அயலவனின் கிணற்றுக்குப் பொறுப்பாகான் என்ற கருத்து அத்தீர்ப்பில் நிலைபெற்றது. நிலத்தடி நீரின் வழியை அறியாத காலத்துக்கு அது பொருந்தியிருக்கலாம். நீரமுக்கத்தை அளக்கும் கருவிகளும் நீரோட்ட மாதிரியாக்கமும் மலிந்த இக்காலத்தில் அந்த அறியாமையைப் போர்வையாகக் கொள்வது பொருந்தாது. அதே பிரித்தானியா பின்னர் மனம்மாறியது. நிலக்கரிச் சுரங்கத்தால் நிலம் அமிழ்வது பற்றிய 1991ஆம் ஆண்டுச் சட்டம், சேதத்தின் தன்மையும் சூழ்நிலையும் சுரங்கத்தைச் சுட்டுமாயின், அது காரணமன்று என நிரூபிக்கும் பாரத்தைச் சுரங்கத் தரப்பின்மீதே வைத்தது.

நெதர்லாந்தின் குரோனிங்கன் மாகாணம் இன்னும் அண்மித்த உதாரணம். அங்கு இயற்கைவாயு அகழ்வினால் நில அதிர்வுகள் ஏற்பட்டு வீடுகள் வெடித்தன. 2012 ஓகஸ்டில் ஹுய்சிங்க கிராமத்தருகே 3.6 அளவிலான அதிர்வு பதிவாயிற்று. வெடிப்புக்கு வாயு அகழ்வு காரணமா, கட்டடத்தின் பழமை காரணமா என்ற முடிவற்ற தர்க்கத்தில் மக்கள் களைத்துப்போயினர். 2016 இறுதியில் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தம் அத்தர்க்கத்தை வெட்டியது: அகழ்வுப் பகுதியில் அத்தகைய சேதம் தோன்றின், அகழ்வே காரணமென அனுமானிக்கப்படும், மறுப்போரே நிரூபிக்கவேண்டும். பின்னர் நட்டஈட்டு முடிவுகள் அகழ்வுக் கம்பனியின் கையிலிருந்தே எடுக்கப்பட்டன. செல்வந்த நாடு என்பதனால் மட்டும் இது நிகழ்ந்ததாக எண்ணுதல் தவறு. அனுமானத்தைத் திருப்பிவைப்பதற்குப் பணம் வேண்டியதில்லை. ஒரு சட்டப்பிரிவு போதும்.

4

நட்டஈட்டின் அளவு எதைக்கொண்டு கணிக்கப்படுகிறது என்பதும் ஆராயத்தக்கது. வெடிப்பின் நீளமும் அகலமும் அளக்கப்படும். சாந்து பூசவும் வர்ணம் தீட்டவும் ஆகும் செலவு கணக்கிடப்படும். ஆனால் நிலம் இன்னும் அமுங்கிக்கொண்டிருக்கும்போது பூசிய சாந்து எத்தனை மாதம் நிற்கும்? நிலம் நிலைபெற்றபின் மறுமதிப்பீடு செய்யும் வாய்ப்பு இல்லாத நட்டஈடு, நோய் தீருமுன் எழுதப்பட்ட குணச்சான்று போன்றது.

கிணற்றின் இழப்பு சுவரின் இழப்பிலும் பெரிது. ஊவாக் கிராமத்தவர் உருளைக்கிழங்கும் போஞ்சியும் பயிரிட்டு வாழ்பவர். நீர் போனால் விளைச்சல் போகும். விளைச்சல் போனால் அடகு வைத்த நகை மீளாது. பவுசரில் வரும் குடிநீர் அடுப்படிக்குப் போதலாம். மரக்கறித் தோட்டத்துக்குப் போதாது. வீட்டுக்கு வீடு ஒரு கறுப்புத் தாங்கி வைத்துவிட்டு, ‘நீர் வழங்கப்பட்டுள்ளது’ என்று கோவையில் எழுதுவது எளிது. வெடித்த வீட்டைக் கொடுத்துக் கடன் பெறமுடியாது; விற்கவும் முடியாது. மழையிரவுகளில் விழித்திருக்கும் அச்சத்துக்கு விலைபேச எம்மால் இயலாது; ஆயினும் வாழ்வாதாரத்தின் இழப்பை ரூபாவில் எழுத நிச்சயமாக இயலும்.

5

இதுகாறும் கூறியது உறுதி உள்ளவர் கதை. இனி உறுதி இல்லாதவரிடம் வருவோம். பண்டாரவளையிலிருந்து எத்திசையில் நடந்தாலும் தேயிலை மலையும் லயங்களும் எதிர்ப்படும். அச்சிறு காம்பராக்களில் தலைமுறைகளாக வாழும் தொழிலாளர் குடும்பத்துக்கு அவ்வீடு சொந்தமன்று. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் முகாமைத்துவம் தனியார் கம்பனிகளுக்குக் கைமாறியது. நிலம் அரசினுடையதாகவே இருக்க, கம்பனிகள் நீண்டகாலக் குத்தகைக்காரராயின. இவ்வேற்பாட்டில் நிலத்தின் உரிமை அரசுக்கு, பயன்பாடு கம்பனிக்கு, கூரை ஒழுகுவது மட்டும் தொழிலாளிக்கு!

லயச்சுவர் வெடித்தால் நட்டஈடு யாருக்கு? உரித்து ஒன்றையே அளவுகோலாகக் கொள்வோமாயின் விடை தெளிவானது: அரசு தனக்குத்தானே கொடுத்துக்கொள்ள வேண்டும், அல்லது குத்தகைக்காரருக்குக் கொடுக்க வேண்டும். அச்சுவருக்குள் வாழ்ந்தவர் கணக்கில் வாரார். ஆனால் அந்தக் காம்பராவை இன்றைய நிலைக்குக் கொண்டுவந்தவர் யார்? மண் தரைக்குச் சீமெந்து போட்டவர், குசினியைக் கட்டியவர், பழுதுற்ற தகரத்தை மாற்றியவர், கொழும்புக் கடைகளிலும் மத்திய கிழக்கு வீடுகளிலும் உழைத்த பிள்ளைகளின் பணத்தைச் சுவராக்கியவர் அத்தொழிலாளியே. பிறர் நிலத்தை நன்னம்பிக்கையோடு மேம்படுத்தியவருக்கு ஈடு வழங்கவேண்டும் என்ற கருத்து எமது றோமன் டச்சுச் சட்ட மரபுக்கு அந்நியமானதன்று. அதனைத் தோட்டத்து வாயிலிலே நிறுத்திவைத்தது எது?

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானது என முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை கிடைத்தும் போவதற்கு மாற்று நிலம் ஏது? உயிர்தப்பியோர் புதிய வீடுகளுக்கு ஏறத்தாழ ஈராண்டு காத்திருந்தனர். அந்நாளிற் சுரங்க நீர் ஹீல்ஓயக் கிணறுகளை இன்னும் வற்றச்செய்யவில்லை. அது நிகழ இரு மாதங்கள் இருந்தன. ஒரே மாவட்டத்தில், ஒரே மழைப்பருவத்தில் நிகழ்ந்த இவ்விரண்டும் காரணத்தால் வேறானவை. ஆயினும் ஒரே கேள்வியை எழுப்புகின்றன. 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையில் மண்சரிவு ஏற்பட்டபோதும், 2025 நவம்பரில் டித்வா புயல் மலைநாட்டைச் சிதைத்தபோதும் அக்கேள்வியே மீண்டும் எழுந்தது: நிலமற்றவனுக்கு வீட்டை எங்கே கட்டிக்கொடுப்பது?

விடை நாம் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதன்று. 2001இல் இலங்கை அமைச்சரவை அங்கீகரித்த விருப்புக்கு மாறான மீள்குடியேற்றம் பற்றிய தேசியக் கொள்கை, ஆவணபூர்வமான உரித்தில்லாதோரும் நியாயமாகவும் நீதியாகவும் நடத்தப்படவேண்டும் என்று கூறுகின்றது. அக்கொள்கை அபிவிருத்தித் திட்டங்களால் இடம்பெயர்க்கப்படுவோரைப் பற்றியது என்று சிலர் கூறக்கூடும். வீட்டைவிட்டு மனிதனை அகற்றுவதும், மனிதன் வாழமுடியாதபடி வீட்டைச் சிதைப்பதும் விளைவில் ஒன்றேயல்லவா? அரசு தன் கையெழுத்திட்ட ஏட்டை மதிக்கவேண்டும் என்பதற்கு மேல் நாம் எதுவும் கேட்கவில்லை.

6

“திறைசேரியில் பணம் இல்லை” என்பர். சுரங்கத்துக்குக் கோடிக்கணக்கான டொலர் ஒதுக்கப்பட்டது. ஈரானிய வங்கி தரவிருந்த கடன் தடைப்பட்டபோது, இந்நாட்டுத் திறைசேரியே செலவை ஏற்று வேலையை முடித்தது. அங்ஙனம் முடிக்க வழி கண்டவர்களுக்கு, நட்டஈட்டைத் திட்டச்செலவின் ஒரு பகுதியாக ஆரம்பத்திலேயே எழுத வழி தெரியாமற் போனது ஏன்? அத்தொகை கணக்கிற் சேர்க்கப்படாதபோது திட்டம் மலிவாகத் தோன்றும். உண்மையில் செலவு குறைவதில்லை. கேட்பாரற்ற மக்களின் தலைக்கு மாற்றப்படுகின்றது.

“உறுதி கேளாது கொடுத்தால் பொய்க்கோரிக்கைகள் பெருகும்” என்றும் கூறுவர். ஒருவர் எங்கே வாழ்கிறார் என்பதை வாக்காளர் இடாப்பும் பாடசாலைப் பதிவும் கிராம உத்தியோகத்தரின் பதிவும் தோட்டப் பதிவேடும் காட்டும். வரி அறவிடவும் வாக்குக் கேட்கவும் போதுமான சான்று, நட்டஈடு கொடுக்க மட்டும் போதாதாகிவிடுமா?

ஆதலின் நாம் கோருவன நான்கு. முதலாவதாக, எப்பெருந்திட்டமாயினும் முதற்கல் குடையப்படுமுன், பாதிப்புறக்கூடிய பகுதியின் ஒவ்வொரு வீடும் லயமும் கிணறும் ஊற்றும் பதிவுசெய்யப்பட்டு, அப்பதிவின் பிரதி குடியிருப்போர் கையிற் கொடுக்கப்படவேண்டும். இரண்டாவதாக, அப்பகுதியில் தோன்றும் சேதத்துக்குத் திட்டமே காரணமென அனுமானிக்கும் சட்டம் வேண்டும். மூன்றாவதாக, நட்டஈட்டைத் தீர்மானிக்கும் பொறுப்பு திட்டத்தை நடத்தும் அமைச்சிடமும் ஒப்பந்தகாரரிடமும் இராது, சுயாதீனமான சபையொன்றிடம் ஒப்படைக்கப்படவேண்டும். நீரும் வாழ்வாதாரமும் அதன் கணக்கில் இடம்பெறவேண்டும். நான்காவதாக, குடியிருப்பே உரிமைக்குப் போதிய ஆதாரமாக ஏற்கப்படவேண்டும். தோட்ட மக்களுக்கு வீட்டோடு நிலத்தின் முழு உறுதியும் வழங்கப்படவேண்டும். 2025 ஒக்டோபரில் பண்டாரவளை நகரிலேயே இந்திய உதவி வீடமைப்பின்கீழ் மலையகக் குடும்பங்களுக்கு வீட்டுரிமைச் சான்றிதழ்கள் வழங்கும் விழா நடைபெற்றது. வரவேற்கவேண்டியதே. எனினும் நீதிமன்றத்திலும் வங்கியிலும் மதிப்பீட்டுத் திணைக்களத்திலும் செல்லுபடியாகும் உறுதியாக அது மாறும்வரை, வீடு இன்னும் அரைவீடுதான்.

பல்கலைக்கழகத்தாராகிய எமக்கும் இதில் ஒரு பங்குண்டு. 1988ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பின்னர் தேசிய சுற்றாடற் சட்டம் பெருந்திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியது. அம்மதிப்பீடுகள் பல, கற்றோர் கையாலேயே எழுதப்படுகின்றன. புவியியல் பயில்வோர் நீர்மட்டத்தை அளக்கலாம். பொறியியல் பயில்வோர் சுவர்களின் வெடிப்பைப் பதிவுசெய்யலாம். சட்டம் பயில்வோர் விண்ணப்பம் எழுத உதவலாம். தமிழும் சிங்களமும் அறிந்தோர், கிராமத்துச் சிங்களவரின் வற்றிய கிணறும் தோட்டத்துத் தமிழரின் வெடித்த லயமும் ஒரே வழக்கின் இரு சாட்சிகள் என்பதை இரு தரப்பாருக்கும் எடுத்துரைக்கலாம். மலையின் அடியில் நீர் இனம் பார்த்து ஓடவில்லை. நட்டஈட்டுப் படிவம் மட்டும் உறுதி பார்த்து மனிதரைப் பிரிக்கின்றது. அப்படிவத்தை மாற்றி எழுதவைப்பது கற்றவரின் கடன்.